வண்டி மேல் போட்ட பழி

சம்பத்தைக் கொன்றது அந்தப் பழைய ஜீப்தான் என்று ஊர் சொன்னது. டீக்கடையில் சொன்னார்கள், பைப்படியில் சொன்னார்கள், துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அவன் பெண்டாட்டி பூங்காவனத்தின் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அவன் தம்பி அரங்கநாதன் வாசலில் நின்ற ஜீப்பின் டயரை எட்டி உதைத்துச் சொன்னான். பூங்காவனம் எதையும் மறுக்கவில்லை. வண்டி மேல் ஒரு குற்றமும் இல்லை, செய்தது முழுக்கத் தான்தான் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் பத்து மாசம் வாயைத் திறக்கவில்லை.

திறந்தால் எங்கே போவாள்? பிள்ளை குட்டி கிடையாது. தாய் வீடு என்று ஒன்று இருந்தது, அதுவும் போய்விட்டது. இருக்கிற வீடு மாமனார் விட்டுப்போனது, இப்போது அரங்கநாதனுடையது. அவன் பள்ளிகொண்டாவில் ரைஸ் மில்லில் வேலை பார்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து அரிசி, பருப்பு இறக்கிவிட்டு, “அண்ணி, வேற இன்னா வேணும்?” என்று கேட்டுவிட்டுப் போவான். நல்லவன்தான். ஆனால் அண்ணன் என்றால் அவனுக்கு உயிர். அந்த உயிரை வாங்கியது இன்னார் என்று தெரிந்தால் அப்புறமும் அரிசி வருமா என்பதை அவள் யோசித்துப் பார்க்கக்கூட இல்லை. வராது என்றே வைத்துக்கொண்டாள்.

அவளைத் திட்ட வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகத் திட்டிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த ஜீப் வந்த கதையையும் கொஞ்சம் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

நல்ல புத்தியுள்ள எவனும் அதை வாங்கியிருக்க மாட்டான். பட்டாளத்தில் ஓடித் தேய்ந்து ஏலத்துக்கு வந்த பெட்ரோல் ஜீப் அது. ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஷாப்பு வைத்திருந்த ரஷீத் அஹமது அதை எடுத்து, எட்டு வருஷம் சந்தை சந்தையாக அனுப்பிப் பச்சைத் தோல் ஏற்றிக்கொண்டு வந்தார். பச்சைத் தோல் என்றால் உப்புப் போட்ட தோல். அந்த உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டி வண்டியின் அடித்தகட்டை அரித்திருந்தது. மேலே மட்டும் பச்சை பெயிண்ட் பளபளவென்று இருந்தது. எழுபத்து மூன்றாம் வருஷம் சம்பத் அதைப் பார்த்ததும் மயங்கிவிட்டான். மயங்குவதற்கென்றே பிறந்தவன் அவன்.

மக்பூல் அகமதுவை அழைத்துக்கொண்டு போனதுதான் அவன் செய்த ஒரே நல்ல காரியம். ஆம்பூர் பஜாரில் தகரக் கொட்டகை போட்டு ஜீப் மட்டுமே பார்க்கிற மெக்கானிக் அவர். பெயிண்ட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாக்கை விரித்து வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து, ஸ்க்ரூ டிரைவரால் தகட்டையும் அதைத் தாங்குகிற இரும்புச் சட்டத்தையும் முழம் முழமாகக் குத்திக்கொண்டே போனார். தகட்டில் இரண்டு இடத்தில் ஓட்டையே விழுந்தது. சட்டம் மட்டும் தாங்கியது. எழுந்து வந்து சொன்னார்.

“எஞ்சின் போனா நான் செஞ்சு தர்றேன். கியர் போனா செஞ்சு தர்றேன். இரும்பு போச்சுன்னா அல்லாகிட்டதான் போவணும். இன்னும் போகல. உப்பை எடுத்துட்டா பொழைக்கும்.”

உப்பை எப்படி எடுப்பது? ஒருநாள் கழுவினால் போகாதாம். பதினைந்து நாள் விடாமல் நல்ல தண்ணீரில் அடிப்பக்கம் கழுவி, காயவைத்து, கழிவு எண்ணெய் பூச வேண்டுமாம். சம்பத் தலையாட்டினான். இரண்டு நாள் கழுவினான், மூன்றாம் நாள் முதுகு வலிக்கிறது என்றான். மிச்சம் பதின்மூன்று நாளும் குடம் குடமாகத் தண்ணீர் தூக்கியது பூங்காவனம்தான். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு வண்டிக்கடியில் நுழைந்தவள், அதன் பிறகு அந்த வேலையை விட்டு வெளியே வரவே இல்லை.

ஊர் ஆலங்காயத்துக்குக் கிழக்கே மலையடிவாரம். சம்பத் அந்த ஜீப்பில் அரிசி, சீமெண்ணெய், ஆட்கள் என்று மேலே ஏற்றிக்கொண்டு போவான். கடுக்காயும் புளியும் சாமையும் இறக்கிக்கொண்டு வருவான். ரோடு என்று பெயர், பாதி தூரம் வெறும் பாறை. ஓட்டுவது மட்டும் அவன் வேலை. காலையில் எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்ப்பது, ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடுவது, காற்று வடிகட்டியில் தங்கிய செம்மண்ணைக் கொட்டி எண்ணெய் மாற்றுவது, வாரத்துக்கு ஒருநாள் கிரீஸ் அடிப்பது எல்லாம் அவள். வெயிலில் மேடு ஏறும்போது பெட்ரோல் பம்ப் சூடேறி வண்டி இருமும். அதற்கு ஈரத்துணி சுற்ற வேண்டும் என்று மக்பூல் பாய் சம்பத்துக்குச் சொன்னதை, பக்கத்தில் நின்ற அவள்தான் காதில் வாங்கிக்கொண்டாள். அப்புறம் ஒவ்வொரு நடைக்கும் துணியும் தண்ணீரும் மறக்காமல் வண்டியில் இருக்கும். மூன்று மாசத்துக்கு ஒருமுறை ஆம்பூருக்கு வண்டி போகும்போது அவளும் போவாள். மக்பூல் பாய் பிரித்துப் போடுகிற சாமானையெல்லாம் குந்தி உட்கார்ந்து பார்ப்பாள். “உன் ஊட்டுக்காரன் டிரைவர்தாம்மா, வண்டிக்காரி நீதான்” என்று அவர் கிண்டல் செய்வார். சம்பத்துக்கு அதில் ரோஷமே கிடையாது. “நல்லதாப் போச்சு பாய்” என்று சிரிப்பான்.

நாலு வருஷம் அந்தக் கழித்துக்கட்டின வண்டி மலையில் ஒருநாள்கூட நிற்காமல் ஓடியது. ஊர்க்காரர்களுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

எழுபத்தேழு மார்ச்சில் பார்லிமெண்ட் எலெக்‌ஷன் வந்தது. ஓட்டுப்பெட்டி தூக்க வண்டி வேண்டும் என்று தாலுகா ஆபீசிலிருந்து வந்து இருக்கிற ஜீப்பையெல்லாம் எழுதிக் கொடுத்து எடுத்துக்கொண்டு போனார்கள். சம்பத்தின் ஜீப்பும் போனது. ஓட்டுவதற்கு வேறு எவனோ வந்தான். பத்து நாள் கழித்து டிராக்டர் பின்னால் கயிறு கட்டித் திரும்பி வந்தது. மலை ஏற மட்டும் போடுகிற முன் சக்கர லீவரைப் போட்டபடியே தார் ரோட்டில் விரட்டியிருக்கிறான், ரேடியேட்டர் காய்ந்தது தெரியாமலே ஓட்டியிருக்கிறான், படுபாவி. பூங்காவனம் மூடியைத் திறந்து பார்த்தாள். ஒரு ஆளை அடித்துப் போட்டுவிட்டு வாசலில் இறக்கியது மாதிரி இருந்தது என்று அவள் பிற்பாடு சொன்னாள். மக்பூல் பாய் ஒன்றரை மாசம் வேலை பார்த்தார். அந்த ஒன்றரை மாசமும் சம்பத் ஆலங்காயம் மண்டியில் மூட்டை தூக்கினான்.

வண்டி வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகவில்லை, ஜூனில் அசெம்பிளி எலெக்‌ஷன். திரும்பவும் ஜீப் எடுக்க வருகிறார்கள் என்று செய்தி.

ஜீப் வைத்திருப்பவர்களுக்கு இதற்கெல்லாம் வழி தெரியும். ஓடாத வண்டியை எவனும் எடுக்கமாட்டான். டிஸ்ட்ரிப்யூட்டர் மூடிக்குள்ளே ரோட்டர் என்று ஒரு கறுப்புத் துண்டு உண்டு, கட்டைவிரல் அளவுதான். அதை உருவி எடுத்துவிட்டால் நாள் முழுக்க கைப்பிடி போட்டுச் சுற்றினாலும் எஞ்சின் பிடிக்காது. மார்ச்சிலேயே பலபேர் அப்படிச் செய்திருந்தார்கள். மணியக்காரர் பரந்தாமன் அதற்கு மேல் கெட்டிக்காரர். சூடத்தைக் கொளுத்தி வாசலில் வைத்து, சாமான் வீட்டில் இல்லை என்று அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னார். “சாமான் என் வீட்ல இல்ல” என்று தைரியமாக அணைத்தார்கள். அடுத்த வீட்டு அரிசிப் பானையிலிருந்து, கூட வந்த தாலுகா ஆபீஸ் கிளார்க்கு அதை எடுத்தார். அதனால் இந்தத் தடவை சத்தியத்தை மாற்றிவிட்டார் பரந்தாமன். ஊர் எல்லைக்குள்ளேயே சாமான் இல்லை என்று சொல்லி அணைக்க வேண்டும்.

சம்பத் விட்டுக்கொடுக்கிற ஆள். “போனா போவுது, கவர்மெண்ட்டு வேலை, இந்தத் தடவை நல்ல டிரைவரா வருவான்” என்றான். பூங்காவனம் கேட்கவில்லை. பொய்ச்சத்தியம் பண்ணவும் அவளால் முடியாது, சூடம் என்றால் அவளுக்குப் பயம். ஆகவே முழுக்க நியாயமாக ஒரு வேலை செய்தாள். ரோட்டரைக் கழற்றித் துணியில் சுற்றி, ஆம்பூர் போகிற பஸ்ஸில் கண்டக்டர் தனகோடி கையில் கொடுத்து, மக்பூல் பாய் கடையில் சேர்க்கச் சொன்னாள். முனை தேய்ந்திருக்கிறதா பார்த்து வையுங்கள், எலெக்‌ஷன் முடிந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியனுப்பினாள். அடுத்த ஊரில் கொடுத்தால் போதாதா? போதும். ஆனால் அவள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. சாமான் ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று சொன்னால் அது நிஜமாக இருக்க வேண்டும், பத்திரமாகவும் இருக்க வேண்டும்.

பரந்தாமன் கிளார்க்கோடு வந்தார். சம்பத் நழுவி மண்டிக்குப் போய்விட்டான். பூங்காவனம் நிமிர்ந்து நின்று, “சாமான் எங்க ஊர் எல்லைக்குள்ள இல்ல, ஆம்பூர்ல மெக்கானிக்கிட்ட ரிப்பேருக்கு இருக்குது” என்று சொல்லி, உள்ளங்கையால் சூடத்தை அணைத்தாள். கிளார்க்கு கைப்பிடி போட்டுச் சுற்றிப் பார்த்தார், வியர்த்துப் போய் விட்டுவிட்டார். அந்த வட்டாரத்தில் எடுக்காமல் விட்ட ஜீப் அது ஒன்றுதான். மற்றவர்களுடையதெல்லாம் அகப்பட்டுக்கொண்டு போய்விட்டன. அன்றைக்கு அவள் சந்தோஷமாக இருந்தாள். அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

ஓட்டுக்கு முந்தின நாள் காலையில் சம்பத்துக்கு வயிற்று வலி. ஓமத் தண்ணீர் கொடுத்தாள். பத்து மணிக்கு வலி வலது பக்கம் இறங்கி, தொட்டால் துடித்தான். மாட்டு வண்டியில் போட்டு ஆலங்காயம் டாக்டரிடம் கொண்டுபோனார்கள். அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, குடல்வால் வீங்கியிருக்கிறது, எந்த நிமிஷமும் உடையும், இதற்குக் கத்தி வைக்கிறவர்கள் வேலூரில்தான், பொழுது சாய்வதற்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள் என்றார். மணி பதினொன்று.

வண்டி ஏது? பஸ்ஸெல்லாம் ஓட்டுப்பெட்டி தூக்கப் போயிருந்தது. லாரி போயிருந்தது, வாடகைக் கார் போயிருந்தது. மாட்டு வண்டியில் வாணியம்பாடி வரைக்கும் போய் ரயிலைப் பிடிக்கலாமா என்று யாரோ கேட்டதற்கு, அஞ்சு மணி நேரம் அதில் குலுக்கினால் வேலூருக்குப் போக வேண்டிய அவசியமே இருக்காது என்றார் டாக்டர். “ஏம்மா, உங்க ஜீப் இருக்குதே?” என்றும் கேட்டார். அவருக்கு என்ன தெரியும்.

பூங்காவனம் ஊருக்குத் திரும்பி ஓடினாள். பரந்தாமன் பள்ளிக்கூடத்தில் ஓட்டுச்சாவடிக்குத் தட்டி கட்டிக்கொண்டிருந்தார். அவர் காலில் விழவில்லை, அழவில்லை. நின்றபடியே உள்ளதைச் சொன்னாள். வண்டி கெட்டுப்போகவில்லை, நான்தான் ரோட்டரைக் கழற்றி அனுப்பினேன், இப்போது அது வேண்டும்.

“சத்தியம் பொய்யில்ல போ” என்றார் பரந்தாமன். வேறெதுவும் கேட்காமல் தபாலாபீசுக்கு நடந்தார். அவரே அவசரம் என்று சொல்லி ஆம்பூருக்கு டிரங்க் கால் போட்டார். மக்பூல் கடையில் போன் கிடையாது, ரஷீத் அஹமது தோல் ஷாப்பில்தான் உண்டு. லைன் கிடைக்க ஒரு மணி நேரமானது. செய்தி போய், மக்பூல் பாய் துணியோடு ரோட்டரை ஜோப்பில் போட்டுக்கொண்டு கிளம்பினார். வாணியம்பாடி வரைக்கும் ஒரு டிராக்டரில் தொற்றிக்கொண்டு வந்தார். அங்கிருந்து வாடகைச் சைக்கிள். மேடான ரோடு, ஐம்பது வயசுக்காரர். அவர் வந்து சேரும்போது மணி நாலரை தாண்டிவிட்டது, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அதற்குள் சம்பத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து ஜீப்பின் பின்னால் மெத்தை விரித்துப் படுக்க வைத்திருந்தார்கள். மூன்று மணி வாக்கில் வலி சட்டென்று குறைந்தது, சிரித்தான்கூட. உடைந்ததனால்தான் குறைந்தது என்று அப்போது யாருக்கும் தெரியாது. பூங்காவனம் சும்மா இருக்கவில்லை. ரேடியேட்டருக்குத் தண்ணீர் விட்டாள், எண்ணெய் பார்த்தாள், காற்றுப் பார்த்தாள், ஈரத்துணி நனைத்து வைத்தாள். ஜீப்பில் இல்லாதது அந்தக் கட்டைவிரல் அளவு சாமான் ஒன்றுதான்.

மக்பூல் பாய் மூடியைத் திறந்து ரோட்டரை வைத்து மூடினார். சாவியைத் திருப்பிக் காலால் அமுக்கியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஒரே அமுக்கு.

ஒடுகத்தூர், அணைக்கட்டு என்கிற ஊர்கள் வழியாக வேலூர். பாய் ஓட்டினார், அவள் பின்னால் உட்கார்ந்திருந்தாள், சம்பத்தின் தலை அவள் மடியில். வழியில் ஒரு இருமல் கிடையாது, ஒரு திணறல் கிடையாது. பெரிய ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே எடுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு நாள் இருந்தான். மூன்றாம் நாள் போய்விட்டான். மத்தியானமே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னதை அவள் கேட்டுக்கொண்டாள், சரி என்று தலையாட்டினாள்.

அதற்கப்புறம் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. துக்கம் என்று சொல்வார்களே, அதுகூட வரவில்லை. பெண்டுகள் கட்டிப்பிடித்து அழுதபோது அவர்கள் தலையில் தடவின எண்ணெய் எந்த எண்ணெய் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். பதினாறாம் நாள் காரியத்தில் ஐயர் மூன்று தடவை கூப்பிட்டார், காதில் விழவில்லை. குழம்பில் உப்பே போடாமல் நாலு நாள் சாப்பிட்டாள், அரங்கநாதன் வந்து வாயில் வைத்தபோதுதான் தெரிந்தது. யாராவது வந்து, பழைய வண்டியை நம்பலாமா, அவசரத்துக்குக் கைவிட்டுவிட்டதே என்றால், “ஆமா” என்பாள். எந்த வார்த்தையும் அவளுக்குக் கனமாக இல்லை.

மணியக்காரர் ஒன்றும் வெளியே விடவில்லை. தான் ஏற்றிவைத்த சூடம் என்று அவருக்கும் உறுத்தியிருக்க வேண்டும், தெருவில் அவளைக் கண்டால் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். மக்பூல் பாயும் சொல்லவில்லை. ஆக, ஊருக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான். ஜீப் முதலிலேயே கெட்டுக்கிடந்தது, சாமான் ஆம்பூரில் இருந்தது, மெக்கானிக் வந்து சரிசெய்வதற்குள் நேரமாகிவிட்டது.

ஒரு வேலை மட்டும் அவள் விடவில்லை. காலையில் எழுந்ததும் எண்ணெய்க் குச்சியை உருவித் துடைத்துப் பார்ப்பாள். தண்ணீர் பார்ப்பாள். எஞ்சினைக் கிளப்பி ஐந்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்துவாள். ஓடாத வண்டிக்கும் வாரம் தவறாமல் கிரீஸ் அடித்தாள். புருஷனைக் கொன்ற வண்டிக்கு இவ்வளவு சீராட்டா, இவளுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். கலங்கவில்லை. காலையில் எழுந்தால் கை அந்த வேலைக்குப் போனது, அவ்வளவுதான்.

எழுபத்தெட்டு ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரங்கநாதன் வந்து, வாணியம்பாடியில் பழைய இரும்புக்காரனிடம் பேசியாகிவிட்டது, செவ்வாய்க்கிழமை வந்து வெட்டி எடுத்துக்கொண்டு போவான் என்றான். விற்றால் நல்ல விலை வருமே என்று பக்கத்து வீட்டில் கேட்டதற்கு அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. இன்னொரு குடும்பத்தை இதில் ஏற்றிக் கொல்வதற்கா என்றான். பூங்காவனம் சரி என்று தலையாட்டினாள். வெட்டுவதானாலும் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

செய்தி எப்படியோ ஆம்பூர் போய்விட்டது. திங்கட்கிழமை காலை பஸ்ஸில் மக்பூல் பாய் வந்து இறங்கினார், கூட இஷ்தியாக் அகமது என்று ஒருவர். தோல் ஷாப்புகளுக்கு மலையிலிருந்து கடுக்காய் எடுத்துக் கொடுக்கிறவர், நாற்பது வயசிருக்கும். அவர் சம்சாரம் ஜஹீதாவுக்கு அம்மா வீடு ஆலங்காயம் தாண்டி. வியாபாரத்துக்கும் வீட்டுக்கும் சேர்த்து ஒரு ஜீப் தேடிக்கொண்டிருந்தார். இரும்புக்காரனுக்காக அரங்கநாதன் லீவு போட்டு ஊரிலேயே தங்கியிருந்தான்.

இஷ்தியாக் வண்டியை அவசரமில்லாமல் பார்த்தார். அடியில் குனிந்து சட்டத்தைத் தட்டினார். எண்ணெய்க் குச்சியை உருவினார், தேன் நிறத்தில் எண்ணெய். கிரீஸ் அடித்த இடமெல்லாம் புதிதாக இருந்தது. எஞ்சினைக் கிளப்பச் சொன்னார், ஒரே அமுக்கில் பிடித்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஓடுகிற வண்டியைக்கூட இப்படி எவனும் வைத்துப் பார்த்ததில்லை என்று பூங்காவனத்திடம் சொன்னார்.

அரங்கநாதன் குறுக்கே வந்தான். விலையைப் பற்றி அவன் பேசவே இல்லை.

“மறைச்சு விக்க மாட்டேன் பாய். பாக்க நல்லாத்தான் இருக்கும். எங்க அண்ணன் உயிரு போற நேரத்துல இது கிளம்பல. உங்க பொண்டாட்டி புள்ளைங்கள இதுல ஏத்தாதீங்க.”

இஷ்தியாக்கின் கை பானெட்டிலிருந்து இறங்கியது. மக்பூல் பாய் தரையைப் பார்த்தார். அவர் வாயைத் திறந்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும், ஆனால் அது தன் வாயால் வர வேண்டிய பேச்சு இல்லை என்று அவர் நினைத்தார். அந்த மரியாதை அவரிடம் இருந்தது.

இஷ்தியாக் நேராகப் பூங்காவனத்தைக் கேட்டார். “இன்னாம்மா ஆச்சு அன்னிக்கு? இவ்ளோ பாத்துக்கிற வண்டி எப்படிம்மா நிக்கும்?”

வழக்கமாகச் சொல்கிற பதில் அவள் நாக்கிலேயே இருந்தது. பழைய வண்டி, கெட்டுப்போச்சு. பத்து மாசமாகச் சொல்லிப் பழகியது. சொல்லிவிட்டால் இவர் பஸ் ஏறிப் போய்விடுவார், நாளைக்கு இரும்புக்காரன் வந்துவிடுவான், ஞாயிற்றுக்கிழமை அரிசி வந்துவிடும். அதைச் சொல்லத்தான் அவளும் வாயெடுத்தாள். ஆனால் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பிசிறில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பொய் வரவில்லை.

“வண்டி கெட்டுப்போகல” என்றாள். “எலெக்‌ஷனுக்கு எடுக்கக்கூடாதுன்னு நான்தான் ரோட்டரக் கழட்டி ஆம்பூருக்கு அனுப்பிட்டேன். இவருகிட்டதான் இருந்துச்சு. வந்து போட்டதும் கிளம்பிடுச்சு.”

“ஆமா” என்றார் மக்பூல் பாய், மெல்ல. “என் கடையில துணியில சுத்தி இருந்துச்சு.”

இஷ்தியாக் கையை உள்ளே விட்டு எஞ்சினை நிறுத்தினார். மக்பூல் பாயின் தோளைத் தொட்டுத் தெருப்பக்கம் அழைத்துக்கொண்டு போனார். வண்டியை எடுத்துக்கொள்கிறேன் என்று பிறகு சொன்னார், அது வேறு விஷயம். வாசலில் அரங்கநாதனும் அவளும் மட்டும் நின்றார்கள்.

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தவில்லை. முகம் வெளுத்துவிட்டது.

“அண்ணனுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா உங்கள ஒண்ணும் சொல்லல?”

பூங்காவனம் சொல்ல வேண்டாம் என்றுதான் பார்த்தாள். ஆனால் பாதியைச் சொல்லிவிட்டு மீதியை வைத்துக்கொள்ள அவளுக்குத் தெம்பில்லை.

“அணைக்கட்டு தாண்டினதும் ஒரு தடவ கண்ணு தொறந்தாரு. யாரு கேட்டாலும் வண்டி கெட்டுப்போச்சுன்னு சொல்லு, வண்டி மேல போட்டுடுன்னாரு. நீ செஞ்சேன்னு தெரிஞ்சா அரங்கன் உன்ன வீட்ல வெச்சிருக்க மாட்டான்னாரு. அதான் நான் பேசல.”

அரங்கநாதன் ஜீப்பின் மட்கார்டைப் பிடித்துக்கொண்டான். அவன் கால் பத்து மாசமாக உதைத்துக்கொண்டிருந்த டயருக்குப் பக்கத்திலேயே நின்றது. வாய் கோணியது, அழுகையை அடக்கப் பார்த்தான், முடியவில்லை.

“சாகப்போற நேரத்துல என்னப் பத்தி அப்படியா நெனச்சாரு? நான் உங்கள வெளிய அனுப்பிடுவேன்னா?”

பூங்காவனமும் அப்படித்தான் நினைத்திருந்தாள், அந்த நிமிஷம் வரைக்கும்.